நிலத்துக்கு வாட்டம் கொடுக்கக் கற்பது: எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் போவது

நிலவடிவமைப்பில் (லேண்ட்ஸ்கேப்) முதுகலை முதலாண்டு படிக்கும் ஒருவர், நிலத்தின் மேடு பள்ளங்களை அமைத்து மழைநீரை வழிநடத்தும் பாடத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்: “கிரேடிங், டிரெயினேஜ் பாடம் மட்டும் பிடிபடவே இல்லை. சம உயரக் கோடுகளைப் பார்த்தாலே குழப்பமாக இருக்கிறது. இதெல்லாம் சிவில் படித்தவர்கள் செய்கிற வேலைதானே? ஒரு மென்பொருளை நன்றாகக் கற்றுக்கொண்டால் போதுமா? அடியிலிருந்து படிக்க வேண்டுமென்றால் எந்த வரிசையில் படிப்பது?”

கடைசிக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப்போகிறேன். முதலில், இது யாருடைய வேலை என்பதை முடித்துவிடலாம்.

சாலைக்கும் குழாய்க்கும் பொறியாளர் கண்டிப்பாக வேண்டும். ஆனால் நிலம் எந்த இடத்தில் உயர வேண்டும், எங்கே தாழ வேண்டும், நடந்து வருகிறவருக்கு அது எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்வது வடிவமைப்பாளரின் வேலை. வாஷிங்டனில் மாயா லின் வடிவமைத்து 1982-இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச்சின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்துக்குள் இறங்கும் இரண்டு கருங்கல் சுவர்கள்; ஒவ்வொன்றும் சுமார் 75 மீட்டர் நீளம். வெளி ஓரத்தில் சுவரின் உயரம் 20 சென்டிமீட்டர்தான். இரண்டும் சேரும் மூலையில் 3 மீட்டருக்குச் சற்று மேல். 75 மீட்டரில் சுவர் கூடுகிற அளவைக் கணக்குப் போட்டால் 4 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவாக வரும். அந்த வடிவமைப்பின் உயிரே இந்தச் சிறு எண்ணில்தான் இருக்கிறது. படிக்கட்டு இல்லாமல், சறுக்கல் இல்லாமல், தெரியாமலே ஒருவரை மண்ணுக்குள் இறக்கிக்கொண்டு போகிறது. அந்தத் தாழ்ந்த மூலையில் மழைநீர் தேங்கினால் எல்லாம் கெட்டுவிடும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். இதை வேறொருவரிடம் “அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று கொடுத்துவிட முடியாது. அமெரிக்காவில் நிலவடிவமைப்பாளர் உரிமம் பெற எழுதும் தேர்வில் உள்ள நான்கு பகுதிகளில் ஒன்று முழுக்க இந்தப் பாடம்தான்.

சரி, எங்கே தொடங்குவது?

மூன்று எண்களில் தொடங்குங்கள்: உயர வித்தியாசம், கிடைமட்டத் தூரம், முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும் வாட்டம், அதாவது சரிவு. எந்த இரண்டு தெரிந்தாலும் மூன்றாவது வந்துவிடும். பாடம் முழுக்க இந்த ஒரு வகுத்தலின் மேல்தான் நிற்கிறது. ஒரு புள்ளியின் லெவல், அதாவது ஒரு நிலையான மட்டத்திலிருந்து மீட்டரில் அதன் உயரம், 101.30, அதிலிருந்து 20 மீட்டர் தள்ளி இன்னொன்று 100.50 என்றால் இறக்கம் 0.80 மீட்டர், வாட்டம் 4 சதவீதம். இந்த இரண்டுக்கும் நடுவில் 101.00 லெவலுக்கான சம உயரக் கோடு எங்கே போகும்? முதல் புள்ளியிலிருந்து 0.30 இறங்க வேண்டும், 0.30-ஐ 0.04 ஆல் வகுத்தால் 7.5 மீட்டர். அங்கே ஒரு புள்ளி வையுங்கள். கால் மீட்டர் இடைவெளியில் கோடுகள் வரைகிறீர்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் 6.25 மீட்டர். இதைக் கால்குலேட்டர் இல்லாமல் சொல்ல வரும்வரை செய்யுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் இது கைக்கு வராதவருக்கு அடுத்த எதுவுமே வராது.

அதே வாரத்தில் இன்னொன்றையும் தொடங்கிவிட வேண்டும்: எண்களைக் காலில் உணர்வது. கல்லூரி வளாகத்தில் ஒரு சாய்தளம், ஒரு நடைபாதை, ஒரு புல்வெளி, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றை அளந்து பாருங்கள். சர்வேயர்கள் உயரம் அளக்கும் ஆட்டோ லெவல் கருவி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலே போதும். இரண்டு பேர், ஒரு டேப், ஒரு மதியம். 1 சதவீதம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தண்ணீருக்குத் தெரியும். 2 சதவீதத்தில் தரை சமமாக இருப்பது போலத்தான் தோன்றும். 5 சதவீதத்தில் உடம்பு உணரத் தொடங்கும். 20-க்கு 1 என்ற இந்த அளவைத் தாண்டினால் அது நடைபாதை அல்ல, கைப்பிடி வைக்க வேண்டிய சாய்தளம் என்று விதிகள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கு உச்ச வரம்பு 12-க்கு 1, அதாவது 8.33 சதவீதம். புல் வெட்டும் இயந்திரம் வசதியாக ஓட 4-க்கு 1. 3-க்கு 1 ஆனால் அதுவே எல்லை. பேவர் பிளாக் தரைக்கு ஒன்றரை முதல் 2 சதவீதம் கொடுங்கள். புல்தரைக்கு 2 சதவீதத்துக்குக் குறைக்காதீர்கள். புல்லும் மண்ணும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கட்டடத்தைச் சுற்றி முதல் 3 மீட்டருக்கு 5 சதவீதம், அதாவது 15 சென்டிமீட்டர், வெளிப்பக்கம் இறங்க வேண்டும்.

இந்த எண்களைப் புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். நடந்து அளந்தால் மறக்காது. இன்னொரு லாபமும் உண்டு. களத்தில் மேஸ்திரியிடம் “ஒன்றரை சதவீதம்” என்று சொன்னால் வேலை நடக்காது. “அஞ்சு அடிக்கு ஒரு இன்ச் வாட்டம்” என்றால் உடனே நூல் கட்டுவார். அது கிட்டத்தட்ட 1.7 சதவீதம். இரண்டு கணக்கிலும் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது கோடுகள். உங்களுக்குக் குழப்பம் இங்கேதான் வருகிறது என்று நினைக்கிறேன். சம உயரக் கோடு என்பது நிலத்தின் மேல் இருக்கும் பொருள் அல்ல. அந்த லெவல் வரை தண்ணீர் நின்றால் அதன் கரை எங்கே இருக்கும் என்பதுதான் அது. இதைப் பிடித்துக்கொண்டால் விதிகள் தாமாகவே வரும். கோடு தன்னோடு தானே போய்ச் சேர வேண்டும், நடுவில் அறுந்து நிற்க முடியாது. நெருக்கமாக இருந்தால் சரிவு அதிகம். தண்ணீர் எப்போதும் கோட்டுக்குச் செங்குத்தாக ஓடும். பள்ளத்தில் கோட்டின் மூக்கு மேட்டுப்பக்கம் பார்க்கும். முகட்டில் தாழ்வுப்பக்கம் பார்க்கும். கோட்டை மேட்டுப்பக்கம் நகர்த்தினால் அங்கே மண் வெட்டுகிறீர்கள்; தாழ்வுப்பக்கம் நகர்த்தினால் மண் நிரப்புகிறீர்கள். கடைசி விதியைத் தலைகீழாக எழுதும் மாணவர்கள் நிறைய. ஒரே ஒரு குறுக்குவெட்டு வரைந்து பார்த்தால் சரியாகிவிடும்.

இதை உள்ளே இறக்க நான் எப்போதும் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு: ஒரு சாதாரணத் தெருவில் ஒரே ஒரு கோட்டை வரைவது. தெரு 6 மீட்டர் அகலம், நீளவாக்கில் 3 சதவீதம் இறங்குகிறது. நடு உயர்ந்து இரண்டு பக்கமும் 2 சதவீதம் சரிகிறது. ஆக நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் 6 சென்டிமீட்டர். நடுவில் 100.00 லெவல் உள்ள புள்ளியில் பென்சிலை வையுங்கள். ஓரத்துக்குப் போகப் போகத் தரை தாழ்கிறது. அதே லெவலில் இருக்க வேண்டுமென்றால் மேட்டுப்பக்கம் ஏற வேண்டும். 0.06-ஐ 0.03 ஆல் வகுத்தால் 2 மீட்டர் ஏற்றம். இப்போது ஓரத்தில், தெருவையும் நடைபாதையையும் பிரிக்கும் 15 சென்டிமீட்டர் உயரக் கெர்ப் கல் நிற்கிறது. அதன் தலை 15 சென்டிமீட்டர் மேலே இருப்பதால் அதே லெவலைப் பிடிக்கக் கோடு கல்லின் முகத்தோடு ஒட்டி 5 மீட்டர் கீழ்ப்பக்கம் ஓட வேண்டும். அதற்கப்புறம் ஒன்றரை மீட்டர் நடைபாதை, தெருப்பக்கமாக 2 சதவீதம் சரிவு. வெளி ஓரம் 3 சென்டிமீட்டர் உயரம், கோடு இன்னும் 1 மீட்டர் கீழே போகும். முடிவில் கையில் இருப்பது மூக்கு நீண்ட, பக்கவாட்டில் உடைந்த ஒரு விசித்திர வளைவு. அதைப் பார்த்தவுடன் ‘இது கெர்ப் வைத்த தெரு’ என்று சொல்ல வந்துவிட்டால், கோடுகளைப் படிக்க வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதே கணக்கின் வேறு வேறு வேடங்கள்தான்.

அட்டை அடுக்கி மாதிரி செய்வதும் ஈர மணலில் உருவாக்கித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதும் சிறுபிள்ளை வேலை என்று நினைக்காதீர்கள். குறிப்பாக மணல். நீங்கள் வரைந்த வாய்க்காலை மணலில் செய்து ஒரு குவளை ஊற்றினால் தவறு எங்கே என்று ஆசிரியர் சொல்லத் தேவையே இருக்காது.

இப்போது பெரிய பயிற்சி. சரிவில் ஒரு வீடு. இதைப் பொறுமையாகச் செய்யுங்கள். வேறு பத்துப் பயிற்சிகள் கற்றுத் தராததை இது ஒன்று கற்றுத் தரும். நிலம் சீராக 5 சதவீதம் முன்பக்கம் இறங்குகிறது. வீடு சரிவின் போக்கில் 10 மீட்டர், குறுக்கே 12 மீட்டர். முன்சுவர் நிற்கும் இடத்தில் நிலம் 100.00, பின்சுவரில் 100.50. நடுவாக 100.25-இல் சுற்றுத்தரையை வைக்கிறீர்கள். பேஸ்மட்டம் 45 சென்டிமீட்டர் என்றால் வீட்டுத் தளம் 100.70. தளம் உயரத்தில் இருக்கிறது, பிரச்சினை இல்லை என்று பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். பின்னால் உள்ள சரிவு முழுவதும் பெய்யும் மழை எங்கே வரும்? நேராகப் பின்சுவருக்கு. ஆகவே பின்சுவரிலிருந்து 3 மீட்டருக்குத் தரையை வெளிப்பக்கமாக 15 சென்டிமீட்டர் இறக்கி, 100.10-இல் ஆழமில்லாத ஒரு புல் வாய்க்கால் வேண்டும். அதன் நடுப்புள்ளிதான் அதில் உயர்ந்த இடம். அங்கிருந்து இரண்டு பக்கமும் 2 சதவீதத்தில் ஓடி, வீட்டின் மூலையைத் தாண்டி 3 மீட்டர் தள்ளித் திரும்ப வேண்டும். 9 மீட்டருக்கு 18 சென்டிமீட்டர், ஆகத் திருப்பத்தில் 99.92. பிறகு பக்கவாட்டில் முன்னோக்கி ஓடி, இயற்கை நிலத்தின் லெவலைத் தொடும் இடத்தில் வெளியே வர வேண்டும். வாய்க்கால் 2 சதவீதத்தில் இறங்க, நிலம் 5 சதவீதத்தில் இறங்குகிறது. இரண்டும் எங்கே சந்திக்கும் என்று நீங்களே கணக்கிடுங்கள். முன்சுவர்க் கோட்டைத் தாண்டிப் பதினொரு மீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கும்.

அந்தப் பதினொரு மீட்டர் உங்கள் மனைக்குள் இருக்கிறதா? இல்லையென்றால் என்ன செய்வீர்கள்? வாய்க்காலை 1 சதவீதமாக்கலாம், தளத்தை உயர்த்தலாம், வீட்டை நகர்த்தலாம். பின்பக்கம் வாய்க்கால் நடுவில் இயற்கை நிலம் 100.65; நீங்கள் வைத்தது 100.10. ஆக அங்கே 55 சென்டிமீட்டர் வெட்டு. அந்தக் கரையை 4-க்கு 1 சரிவில் மேலே கொண்டுபோய்ச் சேர்க்க இன்னும் 2.75 மீட்டர் வேண்டும். அங்கே ஒரு நல்ல மரம் நின்றால்? இப்படி ஒரு எண்ணைத் தொட்டால் பத்து எண்கள் நகர்கின்றன. வரைபடத்தில் வீட்டை எங்கே வைப்பது என்பதே கிரேடிங் முடிவு என்று இந்தப் பயிற்சியில்தான் புரியும். கட்டடக் கலைஞர் வீட்டை வைத்து முடித்த பிறகு லெவல் போட உட்காருகிறவர் எப்போதும் தடுப்புச் சுவரிலும் பம்பிலும்தான் போய் முடிகிறார்.

சமதரை எளிது என்று நினைக்க வேண்டாம். சரிவான நிலத்தைவிட அதுதான் கஷ்டம். சென்னையைப் போன்ற கடலோரத்தில் மனையின் ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் நடுவில் ஒரு சாண் வித்தியாசம் கூட இருக்காது. அங்கே வாட்டத்தை நாம்தான் உருவாக்க வேண்டும். 20 மீட்டர் அகல முற்றத்தை ஒரே பக்கமாக ஒன்றரை சதவீதத்தில் சரித்தால் 30 சென்டிமீட்டர் போய்விடும். நடுவை உயர்த்தி இரண்டு பக்கமும் சரித்தால் 15-தான் செலவு. உயரத்தைக் காசு போல எண்ணிச் செலவு செய்ய வேண்டிய இடம் இது.

இங்கே எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது: தண்ணீர் கடைசியாக வெளியேறும் இடத்தின் லெவல் என்ன? தெரு வடிகாலின் அடிமட்டம் 98.60 என்று வைப்போம். குழாயை அடிமட்டத்திலேயே விட்டால் வடிகால் பாதி நிறைந்தாலே தண்ணீர் திரும்பி உள்ளே வரும், அதனால் 98.90-இல் விடுகிறீர்கள். மனையின் தூரக் கோடி 60 மீட்டர் தள்ளி. குழாய்க்கு 1 சதவீதம் கொடுத்தால் அங்கே அதன் அடி 99.50. குழாய் 20 சென்டிமீட்டர், அதன் மேல் மண் 45 சென்டிமீட்டர். ஆக அந்தக் கோடியில் தரை 100.15-க்குக் கீழே இருக்கவே முடியாது. இந்த ஒரு எண் தெரியாமல் வரைந்த அழகான தாழ்வு முற்றங்களை எல்லாம் அழிக்க வேண்டியிருக்கும். அதோடு தெருவின் லெவலும் வேண்டும். நம் ஊர்களில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுக்கொண்டே போவதால் தெரு உயர்ந்து மனை பள்ளமாகிவிடுகிறது. சர்வேயரிடம் வரைபடம் கேட்கும்போதே வெளித்தெரு, வடிகால் அடிமட்டம், பக்கத்து மனைகளின் லெவல், மரங்களின் அடித்தண்டு லெவல் எல்லாம் கேட்டு வாங்குங்கள். மனைக்குள் மட்டும் எடுத்த சர்வே பாதி சர்வேதான்.

இவ்வளவுக்குப் பிறகுதான் தண்ணீரின் அளவு. பாடத்தில் இது முதலில் வரும். நான் கடைசிக்குப் பக்கத்தில் வைப்பேன். வழி தெரியாமல் அளவை மட்டும் தெரிந்து என்ன செய்வது? மழையில் எவ்வளவு தண்ணீர் ஓடிவரும் என்று கணக்கிட நீங்கள் படிக்கப்போகும் ரேஷனல் முறையை அமெரிக்காவில் எமில் குய்க்லிங் 1889-இல் எழுதினார். குழாயிலும் வாய்க்காலிலும் ஓடும் வேகத்தைச் சொல்லும் சூத்திரத்தை அயர்லாந்தின் ராபர்ட் மானிங் முன்வைத்ததும் அதே ஆண்டில்தான். இரண்டும் இன்றுவரை ஓடுகின்றன. இந்தியாவில் வேலைக்கு, மத்திய அரசின் சி.பி.எச்.இ.இ.ஓ. 2019-இல் வெளியிட்ட மழைநீர் வடிகால் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேஷனல் முறையை மனதால் செய்ய ஒரு வழி சொல்கிறேன். மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை என்றால் நிமிடத்துக்கு 1 மில்லிமீட்டர். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர். 2,000 சதுர மீட்டர் மனையில் கூரை 600, தளம் போட்ட இடம் 500, புல்லும் செடியும் 900. கூரையில் விழுவதில் 90 சதவீதம், தளத்தில் 85, புல்தரையில் 25 சதவீதம் ஓடிவரும் என்று எடுத்துக்கொண்டால் 540, 425, 225. கூட்டினால் நிமிடத்துக்கு 1,190 லிட்டர், நொடிக்குச் சுமார் 20 லிட்டர். 1 சதவீத வாட்டத்தில் 150 மி.மீ. குழாய் நிறைந்து ஓடினால் 15 லிட்டர்தான் கொண்டுபோகும், 200 மி.மீ. குழாய் 33 லிட்டர் வரை தாங்கும். ஆக 200 போடுவீர்கள். அதே மனை காலியாக இருந்தபோது நிமிடத்துக்கு 500 லிட்டர்தான் வெளியே போனது. கூடுதல் 690 லிட்டரை அரை மணி நேரம் பிடித்து வைக்க 21 கன மீட்டர் இடம் வேண்டும்: 30 சென்டிமீட்டர் ஆழத்தில் 70 சதுர மீட்டர் தாழ்வான செடிப்பாத்தி. அவ்வளவுதான். அதைத் தோட்டத்தின் அழகான பகுதியாகவே ஆக்கிவிடலாம். குறுகிய நேரத்தில் கொட்டும் மழை 60-ஐவிட மிக அதிகமாக இருக்கும் என்பதால் உண்மையான வேலைக்கு அந்த ஊரின் மழைத் தரவை எடுத்துத்தான் கணக்குப் போட வேண்டும். மண்ணையும் சோதியுங்கள். ஒரு அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, ஒருமுறை வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். செம்மண் ஏமாற்றாது. கரிசல் நனைந்ததும் உப்பி மூடிக்கொள்ளும். அங்கே பாத்தியில் தண்ணீர் நாள்கணக்கில் நின்று கொசு வளர்க்கும்.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. நம் 2,000 சதுர மீட்டர் மனையில் அது 9 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். நம் பாத்தி பிடித்து வைப்பது 21 ஆயிரம். எந்தக் குழாயும் எந்தக் குழியும் அன்று போதாது. அன்றைக்கு வீட்டைக் காப்பாற்றுவது தரையின் உருவம் மட்டும்தான். ஆகவே ஒவ்வொரு வரைபடத்திலும் எல்லாக் குழாய்களும் அடைத்துக்கொண்டதாக வைத்து, குழாய்கள் வந்து சேரும் ஒவ்வொரு சேம்பர் தொட்டியிலும் தண்ணீர் நிரம்பினால் அடுத்து எந்தப் பக்கம் வழியும் என்று அம்புக்குறி போடுங்கள். அந்த அம்பு வாசற்படியில் போய் நின்றால் வரைபடம் தவறு. வழியும் விளிம்பின் லெவல் வீட்டுத் தளத்தைவிடக் குறைந்தது 15 சென்டிமீட்டராவது கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் மூடிய முற்றமும் இறங்கிப்போகும் கார் நிறுத்துமிடமும்தான் இதில் ஆபத்தானவை. வேறு வழி இல்லாவிட்டால் ஒழிய அவற்றை வரையாதீர்கள். நம் ஏரிகளுக்குக் கலிங்கு வைத்தவர்கள் செய்தது இதைத்தான். ஏரி நிறைந்தால் கரை உடையாமல் எந்த இடத்தில், எந்த மட்டத்தில் வழிந்து அடுத்த ஏரிக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்தார்கள். கலிங்கு இல்லாத ஏரியை யாரும் கட்டவில்லை. கலிங்கு இல்லாத மனைகளை இப்போது நாள்தோறும் வரைகிறோம்.

மண் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனையை 5 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மூலையிலும் இருக்கும் லெவலுக்கும் வரப்போகும் லெவலுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி, சராசரியைப் பரப்பால் பெருக்கினால் வெட்டும் நிரப்பும் வந்துவிடும். நிலத்தில் 100 கன மீட்டராக இருக்கும் மண்ணை வெட்டினால் சுமார் கால் பங்கு உப்பும். 35 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) என்று நினைத்தது டிப்பரில் ஏறும்போது 44 யூனிட்டாகிவிடும். கொட்டித் திமிசு போட்டால் மறுபடி இறுகும். 2,000 சதுர மீட்டரை 10 சென்டிமீட்டர் உயர்த்துவது என்றால் 70 யூனிட் மண். வரைபடத்தில் ஓர் இலக்கத்தை மாற்றும்போது இது நினைவில் இருக்கட்டும். மேல்மண் 15, 20 சென்டிமீட்டரை முதலில் தனியாக எடுத்துக் குவித்து வையுங்கள், கடைசியில் மேலே பரப்ப. இருக்கும் மரத்தின் கிளை விரியும் எல்லைக்குள் வெட்டவும் வேண்டாம், மண் கொட்டவும் வேண்டாம். வேர்களில் பெரும்பங்கு மேலே ஒன்றிரண்டு அடிக்குள்தான் இருக்கிறது. அதன் மேல் மண் போட்டு மூடினால் மரம் உடனே சாகாது, சில வருடங்களில் பட்டுப்போகும். அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

நேரில் பார்த்துக் கற்க ஓரிடம் கேட்டால் ஆரோவில்லைச் சொல்வேன். 1968-இல் அது தொடங்கியபோது அந்தச் செம்மண் மேட்டில் மரமே அரிதாக இருந்தது. மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடைகள் வழியாகக் கடலில் கலந்தது. அங்கே முதலில் செய்த வேலைகளில் ஒன்று சம உயரக் கோட்டை ஒட்டி மண்வரப்பு போடுவது, ஓடைகளில் சிறு தடுப்பணைகள் கட்டுவது. தண்ணீர் நின்று உள்ளே இறங்கிய பிறகு மரங்கள் பிடித்தன. இன்று காட்டுக்குள் நடக்கும்போது அந்த வரப்புகள் காலில் தட்டுப்படும். ஒரு வரப்பைப் பிடித்துக்கொண்டே நடந்து பாருங்கள். நீங்கள் நடப்பது ஒரு சம உயரக் கோட்டின் மேல்.

மென்பொருளுக்கு வருகிறேன். சிவில் 3டி-யோ ரைனோவோ, உங்கள் அலுவலகத்தில் எது இருக்கிறதோ அதைக் கற்றுக்கொள்ளுங்கள். பெரிய நீர்ப்பிடிப்புப் பகுதிகளைப் பார்க்க இலவசமாகக் கிடைக்கும் வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் போதும். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடங்களும் 2017 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் மனை எந்த ஓடையின் வழியில் இருக்கிறது என்று அதில் தெரியும், மனைக்குள் வேலை செய்ய அது போதாது. மென்பொருள் மண் கணக்கை நொடியில் தரும், இருபது மாற்றுகளை ஒப்பிட விடும். ஆனால் நீங்கள் கொடுத்த புள்ளிகள் தவறாக இருந்தாலும் வழவழப்பான கோடுகளை வரைந்து காட்டும். வீட்டுப் பயிற்சியையும் தெருப் பயிற்சியையும் கையால் தவறில்லாமல் செய்ய வந்த பிறகு திரைக்குப் போங்கள். ஒரு பருவம் போதும். வேலைக்குச் சேர்ந்த பின்னும் முதலில் டிரேசிங் தாளில் அம்புகளையும் பத்துப் பன்னிரண்டு முக்கிய லெவல்களையும் போட்டுவிட்டு, அவை ஒத்துவந்த பிறகே கோடுகளை வரையுங்கள். கோடுகள் லெவல்களின் விளைவுதான்.

வகுப்புப் பயிற்சியில் எங்காவது சிக்கிக்கொண்டால் வரைபடத்தோடு கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன். கேட்கும்போது தண்ணீர் வெளியேறும் இடத்தின் லெவல், வீட்டுத் தளத்தின் லெவல், நகர்த்தவே முடியாத மரம், வாசல், எல்லைச் சுவர் ஆகியவற்றின் லெவல்கள் என எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். அவை இல்லாமல் படத்தை மட்டும் பார்த்து யாராலும் சரி, தவறு சொல்ல முடியாது.